பாட்டு எலிசபெத்தின் வீட்டில்தான் பிறந்தது

இயேசுவின் தாய் மரியாள் எந்த நேரத்தில் பாடினாள் என்பதை நான் பல வருடங்கள் தவறாகவே மனதில் வைத்திருந்தேன். தேவதூதன் வந்தான், நீ இயேசுவைப் பெற்றெடுப்பாய் என்று செய்தி சொன்னான், அவள் அங்கேயே பாடிவிட்டாள் என்றுதான் நினைப்பு. ஒரு நாள் லூக்கா முதலாம் அதிகாரத்தை வாய்விட்டு நிதானமாக வாசித்தபோதுதான் கவனித்தேன். தூதனிடம் அவள் பாடவில்லை. ஒரு கேள்வி கேட்டாள். பிறகு, "இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை, உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" என்றாள். தூதன் போய்விட்டான். அவள் தனியாக நின்றாள். அது முப்பத்தெட்டாம் வசனம். பாட்டு தொடங்குவது நாற்பத்தாறாம் வசனத்தில். அந்த ஏழு வசன இடைவெளியில் ஒரு நீண்ட பயணம் இருக்கிறது, ஒரு வீட்டு வாசல் இருக்கிறது, இன்னொரு பெண் இருக்கிறாள்.

கீழ்ப்படிதல் தனிமையில் நடந்திருக்கிறது. பாட்டு துணை கிடைத்த பிறகு வந்திருக்கிறது. இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து, விசுவாசத்தில் தளர்ந்துபோன எந்தத் தங்கையிடம் பேசினாலும் எனக்கு இந்த ஏழு வசனங்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. "எனக்கு விசுவாசம் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது" என்று ஒருத்தி சொல்லும்போது, "எவ்வளவு நேரம் ஜெபிக்கிறாய்?" என்று நான் கேட்பதில்லை. "இதை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கிறாயா?" என்றுதான் கேட்கிறேன். பெரும்பாலும் பதில் ஒன்றுதான். இல்லை.

என்னுடைய பதிலும் ஒரு காலத்தில் அதுதான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வேலைக்காக வீட்டைவிட்டு வந்து ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவள். வாலிபர் கூட்டத்தில் சாட்சி சொன்னவள். என் வேதாகமத்தின் சிவப்பு நாடா எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தில் கிடந்தது. எடுக்காமலே மூன்று மாதம் கிடந்ததில், நாடாவின் சாயம் அந்தப் பக்கத்தில் ஒரு மெல்லிய கோடாகவே பதிந்துவிட்டது. இரவில் முழங்காலில் நிற்பேன். வார்த்தை வராது. நெற்றியைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பேன். பிறகு எழுந்து விளக்கை அணைப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரும் கண்ணை மூடிப் பாடும்போது நானும் மூடுவேன். உள்ளே யாரும் இல்லாத வீட்டின் கதவைச் சாத்துவதுபோல் இருக்கும்.

பக்கத்து அறையில் ஒரு அக்கா இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு நாள் இரவு எதற்கோ என் அறைக்கு வந்தவர், மேசைமேல் இருந்த வேதாகமத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாசிக்கிறாயா?" என்று அவர் கேட்டிருந்தால் "ஆமாம் அக்கா" என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்டது வேறு: "வாசிக்க முடிகிறதா?"

"முடியவில்லை அக்கா" என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, நீ வாசிக்க வேண்டாம். நான் வாசிக்கிறேன், நீ கேள்" என்றார். நல்ல சங்கீதமாகப் பார்த்து எடுப்பார் என்று நினைத்தேன். அவர் நாடா கிடந்த இடத்திலேயே திறந்தார். எண்ணாகமம் 11. ஜனங்கள் அழுகிறார்கள், மோசே சலித்துப்போகிறான், கர்த்தரிடம் முறையிடுகிறான்: இந்த ஜனங்கள் எல்லாரையும் நான் ஒருவனாகத் தாங்க முடியாது, எனக்கு இது மிஞ்சின பாரமாக இருக்கிறது. அதோடு நிற்காமல், என்னைக் கொன்றுபோடும் என்றுகூடக் கேட்கிறான். கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு வா, அவர்கள் உன்னோடுகூடப் பாரத்தைச் சுமப்பார்கள் என்கிறார். மூன்று மாதமாக எனக்கான வார்த்தை அந்த நாடாவுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. அதை நான் கேட்பதற்கு இன்னொருவருடைய குரல் வேண்டியிருந்தது.

அதன்பின் ஒவ்வொரு இரவும் பத்து நிமிடம் வந்தார். சில நாள் அவர் களைத்திருப்பார். வாசிக்கும்போதே குரல் தேய்ந்துவிடும். ஒன்றும் விளக்கமாட்டார். முடிந்ததும் என் பெயரைச் சொல்லி இரண்டு வாக்கியம் ஜெபித்துவிட்டுப் போவார். எத்தனை வாரம் என்று கணக்கு வைக்கவில்லை. ஒரு நாள் அவருக்கு வேலை முடிய நேரமாகிவிட்டது. நானே எடுத்து வாசித்துவிட்டேன். மறுநாள் சொன்னபோது, "நல்லது" என்றார். அவ்வளவுதான்.

மரியாளின் உறவினளான எலிசபெத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாசரேத்திலிருந்து யூதேயாவின் மலைநாடு நூறு கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. நடந்தால் பல நாள். அந்த வழியை மரியாள் "தீவிரமாய்" போனாள் என்று லூக்கா எழுதுகிறார். எதற்கு அந்த வேகம்? முதிர்வயதில் எலிசபெத் கர்ப்பமாக இருக்கிறாள் என்று தூதன் சொன்ன அடையாளத்தைப் பார்க்கத்தான் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். இருக்கலாம். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. உலகத்திலேயே தன்னைப் பைத்தியக்காரி என்று நினைக்காத ஒரே ஒரு பெண் அங்கே இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நம்ப முடியாத ஒன்று அவளுக்கும் நடந்திருக்கிறது. அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தால் யார்தான் மெதுவாக நடப்பார்கள்?

அந்த வீட்டின் நிலைமையையும் பாருங்கள். எலிசபெத் ஐந்து மாதம் தன்னை மறைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் சகரியா பேச முடியாமல் இருந்தான். தூதனை நம்பாததால் ஊமையானவன். முதிர்ந்த வயதில் முதல் குழந்தையைச் சுமந்துகொண்டு, பேச்சே இல்லாத வீட்டில் ஒரு பெண். மரியாளுக்கு எலிசபெத் தேவைப்பட்டாள் என்றுதான் எப்போதும் பேசுகிறோம். எலிசபெத்துக்கும் மரியாளின் குரல் எவ்வளவு தேவையாக இருந்திருக்கும்! வாழ்த்துதலின் சத்தம் காதில் விழுந்ததுமே பிள்ளை வயிற்றில் துள்ளிற்று என்கிறது வேதம். மரியாள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லி நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. வணக்கம் சொன்னாள்; மற்றதெல்லாம் பரிசுத்த ஆவியானவர் எலிசபெத்தின் வாயில் வைத்தார். "விசுவாசித்தவளே பாக்கியவதி" என்று எலிசபெத் சொன்னபோது, நம்பாமல்போன ஒருவரோடு அதே கூரையின்கீழ் மாதக்கணக்கில் வாழ்ந்தவள் சொல்கிறாள் என்பதை மறந்துவிடக்கூடாது. அந்த வார்த்தையின் எடை அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் பாட்டு.

அந்தப் பாட்டு மரியாள் அந்த நிமிடத்தில் புதிதாகப் புனைந்ததும் அல்ல. பக்கத்தில் 1 சாமுவேல் 2-ஐத் திறந்து வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். அன்னாளின் பாட்டு உள்ளே கேட்கும். "என் இருதயம் கர்த்தருக்குள் களிகூருகிறது" என்று அன்னாள் தொடங்குகிறாள்; "என் ஆத்துமா கர்த்தரை மகிமைப்படுத்துகிறது" என்று மரியாள் தொடங்குகிறாள். அன்னாள் தன் சிறுமையைக் கண்ணோக்கிப் பார்க்கும்படி பொருத்தனை செய்தாள். தன் தாழ்மையை அவர் நோக்கிப் பார்த்தார் என்று மரியாள் பாடுகிறாள். தாழ்ந்தவர்களை உயர்த்துவது, பசித்தவர்களைத் திருப்தியாக்குவது, பலவான்கள் விழுவது எல்லாம் இரண்டிலும் உண்டு. இருவருக்கும் இடையே ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள்.

அந்த அன்னாள் யார்? பிள்ளையில்லாமல், ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுதுகொண்டிருந்தவள். ஆசாரியன் ஏலி அவளைக் குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தான். "நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்று அவள் பதில் சொன்னாள். தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒரு பெண்ணின் கண்ணீரிலிருந்து வந்த பாட்டு, பத்து நூற்றாண்டுகள் கழித்து, தவறாகப் புரிந்துகொள்ளப்படப் போகிற இன்னொரு பெண்ணுக்கு வாயில் வார்த்தையாக இருந்தது. மரியாள் அதைச் சிறு வயதிலிருந்தே கேட்டுக் கேட்டு மனதில் வைத்திருக்க வேண்டும். வைத்திருந்ததால்தான் தேவைப்பட்ட நேரத்தில் வந்தது.

தினசரி வேத தியானம் எதற்கு என்று கேட்கிற தங்கைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். அன்றைக்கே ஏதாவது உணர வேண்டும் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். சில காலை ஒன்றும் தோன்றாது. வாசித்தது வறண்டிருக்கும், ஜெபம் கூரையைத் தாண்டாததுபோல் இருக்கும். அன்றைக்கும் உள்ளே ஏதோ சேர்கிறது. நீங்கள் இன்னும் சந்திக்காத ஒரு நாளுக்கான வார்த்தை அது. உங்களுக்காக இல்லாமல், நீங்கள் இன்னும் சந்திக்காத ஒரு பெண்ணுக்காகவும் இருக்கலாம்.

எப்படிச் செய்வது என்பதில் நான் பெரிய சட்டங்கள் போடமாட்டேன். ஒன்றைமட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வாய்விட்டு வாசியுங்கள். கண் ஓடிவிடும், வாய் ஓடாது. ஆண்டுத் தொடக்கத்தில் வருடம் முழுவதற்கும் அட்டவணை போட்டு, மூன்றாம் வாரத்தில் பின்தங்கி, அந்தக் குற்ற உணர்விலேயே முழுவதையும் கைவிட்டவர்கள் எத்தனை பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள்! தவறவிட்ட அதிகாரங்களை விட்டுவிடுங்கள். இன்றைக்குரியதை வாசியுங்கள். அட்டவணை நமக்காக உண்டாக்கப்பட்டது, நாம் அட்டவணைக்காக அல்ல. ஜெபத்தில் நல்ல வார்த்தை வரவில்லையென்றால் சங்கீதங்களைக் கடன் வாங்குங்கள். நூற்றைம்பது சங்கீதங்களில் மற்ற எந்த வகையையும்விடப் புலம்பல்களே அதிகம் என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? "எதுவரைக்கும்?" என்று கர்த்தரிடம் கேட்பது அவிசுவாசம் என்று எனக்குச் சிறு வயதில் யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கேள்வி தேவ ஜனத்தின் பாட்டுப் புத்தகத்திலேயே இருக்கிறது.

இனி விசுவாசிகளின் ஐக்கியத்தைப் பற்றி. இதை எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது. ஏனென்றால் ஐக்கியத்தில்தான் நான் அதிகமாகக் காயப்பட்டும் இருக்கிறேன்.

ஒரு ஜெபக் குழுவில், நம்பிக்கையோடு, என் குடும்பத்தைப் பற்றிய ஒரு பாரத்தைச் சொன்னேன். அடுத்த வாரத்துக்குள் அந்தக் குழுவுக்குச் சம்பந்தமில்லாத மூன்று பேர் என்னிடம் "ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்" என்று கையைப் பிடித்தார்கள். அவர்கள் கண்ணில் ஜெபத்தைவிட ஆர்வம்தான் அதிகம் இருந்தது. அதன்பின் ஒரு வருடம் எந்தக் குழுவிலும் "எல்லாம் நலம், பொதுவாக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்பதைத் தவிர வேறு எதையும் நான் சொல்லவில்லை. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் பரவுகிற வம்பு, சபைகளில் எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கிறது என்பதை நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஒருத்தி உங்களிடம் சொன்னதை அவளிடம் கேட்காமல் இன்னொருவரிடம் கொண்டுபோகாதீர்கள். ஜெபத்துக்காக என்றாலும் கொண்டுபோகாதீர்கள். கர்த்தருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

காயம் உண்மை. ஆனால் அந்த ஒரு வருடம் நான் பாதுகாப்பாக இருந்தேனே தவிர வளரவில்லை. பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்குள் ஏதோ பிளவு. பவுல் சிறையிலிருந்து எழுதும் கடிதத்தில், ஒரே சிந்தையாயிருக்கும்படி இருவருக்கும் பெயர் சொல்லிப் புத்தி சொல்கிறார். சண்டையின் காரணம் எழுதப்படவில்லை. யார் பக்கம் நியாயம் என்றும் எழுதப்படவில்லை. இருவரும் சுவிசேஷத்துக்காகத் தன்னோடு மிகவும் பிரயாசப்பட்டவர்கள், இவர்களுடைய பெயர்கள் ஜீவபுஸ்தகத்தில் இருக்கின்றன என்று மட்டும் எழுதுகிறார். அதோடு, இவர்களுக்கு உதவி செய் என்று பக்கத்திலிருக்கிற ஒருவரையும் கேட்டுக்கொள்கிறார். இந்த வசனங்கள் எனக்கு ஆறுதல். ஆதிச் சபையிலும் நல்ல பெண்களுக்குள் மனஸ்தாபம் வந்திருக்கிறது. நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்களை யாரும் விட்டுவிடவில்லை. எனக்கும் அந்த அக்காதான் நடுவில் வந்தார். அந்தக் குழுவில் என் விஷயத்தை வெளியே சொன்னவரிடம் நேராகப் பேசு, நான் கூட வருகிறேன் என்றார். பேசினோம். அவர் மன்னிப்புக் கேட்டார். பழைய நெருக்கம் திரும்பவில்லை, கசப்பு போனது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். "கர்த்தர் எனக்குச் சொன்னார், நீ இதைத்தான் செய்ய வேண்டும்" என்று உங்கள் வேலையையும் திருமணத்தையும் பணத்தையும் தன் கையில் எடுத்துக்கொள்கிற யாரும் எலிசபெத் அல்ல. மற்ற உறவுகளிலிருந்து உங்களைப் பிரித்துத் தன்னோடு மட்டும் வைத்துக்கொள்ளப் பார்ப்பவர்களும் அல்ல. உங்களுக்குத் தீங்கு நடக்கும்போது, சாட்சி கெட்டுவிடும், வெளியே சொல்லாதே என்பவர்கள் அல்லவே அல்ல. அப்படிப்பட்ட இடத்தைவிட்டு வெளியே வருவது விசுவாசத்தைவிட்டுப் பின்வாங்குவது ஆகாது. வெளியே வாருங்கள், நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லுங்கள். எலிசபெத் மரியாளை மூன்று மாதம் வைத்திருந்தாள். அதற்குப்பின் மரியாள் தன் வீட்டுக்குத் திரும்பிப்போனாள் என்று வேதம் சொல்கிறது. நல்ல துணை உங்களைத் திரும்பிப்போகப் பெலப்படுத்தும்.

துணை என்றதும் எனக்கு வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துப் பெண்கள் இருவர் நினைவுக்கு வருவார்கள். வருடம் 203. பெர்பெத்துவாவுக்கு ஏறக்குறைய இருபத்திரண்டு வயது, வசதியான குடும்பம், கையில் பால் குடிக்கும் குழந்தை. பெலிசிட்டா ஓர் அடிமைப் பெண். எட்டு மாதக் கர்ப்பிணி. இருவரும் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது கைது செய்யப்பட்டார்கள். சிறையில் பெர்பெத்துவா எழுதிய குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. கிறிஸ்தவப் பெண் ஒருத்தி எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று அது. அப்பா வந்து, விசுவாசத்தை விட்டுவிடும்படி கெஞ்சுகிறார். அங்கே இருந்த ஒரு பாத்திரத்தைக் காட்டி, இதை வேறு பெயரால் அழைக்க முடியுமா என்று அவள் கேட்கிறாள். முடியாது என்கிறார். அதுபோலத்தான், நான் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு எதுவாகவும் என்னைச் சொல்ல முடியாது என்கிறாள்.

கர்ப்பிணிகளைத் தண்டிக்கக்கூடாது என்பது ரோமரின் வழக்கம். எனவே தன்னை மட்டும் பின்னால் நிறுத்திவிடுவார்கள், முன்பின் தெரியாத குற்றவாளிகளோடு தனியாகச் சாக வேண்டியிருக்கும் என்று பெலிசிட்டா கலங்கினாள். அவளைத் தனியாக விட மனமில்லாமல் எல்லாரும் சேர்ந்து ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்ததும் அவளுக்கு வலி கண்டது. பெண் குழந்தை பிறந்தது. அதை ஒரு சகோதரி தன் மகளாக வளர்த்தாள். அரங்கத்தில் ஒரு வெறிபிடித்த பசு இருவரையும் முட்டித் தள்ளியது. பெர்பெத்துவா எழுந்தாள். கீழே விழுந்து கிடந்த பெலிசிட்டாவைப் பார்த்தாள். அருகே போய்க் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். இருவரும் சேர்ந்து நின்றார்கள்.

எஜமானிகளின் வகுப்பைச் சேர்ந்தவள் ஓர் அடிமைக்குக் கை கொடுத்தாள் என்பது அந்தக் காலத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும்! நம் ஐக்கியங்களில் நம்மைப்போலவே படித்த, நம்மைப்போலவே பேசுகிற, நம் வயதுள்ள பெண்களோடு மட்டுமே நாம் உட்காருகிறோம் என்று கவனித்தால், அந்தக் கை நினைவுக்கு வரட்டும்.

வாலிபப் பெண்களுக்கான கூட்டங்களைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பாதிக் கூட்டம் உடையைப் பற்றி. மீதி திருமணத்துக்குக் காத்திருப்பதைப் பற்றி. இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனால் திருமணத்துக்குப் பிறகுதான் ஒரு பெண்ணின் ஆவிக்குரிய வாழ்க்கை தொடங்கப்போகிறது என்பதுபோல, அதுவரை அவள் ஒரு காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதுபோலப் பேசுவதைக் கேட்கும்போது மனம் வலிக்கிறது. ரோமர் 16-ஐ வாசியுங்கள். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாள். அந்தக் கடிதத்தையே ரோமாபுரிக்குக் கொண்டுபோனவள் அவள்தான் என்று வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். பிரிஸ்கில்லாள், மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள். இவர்களில் பெரும்பாலோர் யாருடைய மனைவி, யாருடைய மகள் என்று பவுல் சொல்லவே இல்லை. பிரயாசப்பட்டார்கள் என்கிறார். அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். உங்களுக்கு இப்போதே வேலை இருக்கிறது, தங்கைகளே. இந்த வயதில், இந்த நிலைமையில்.

உங்கள் குரலைச் சபை உடனே நம்பாமலும் போகலாம். ரோதை என்ற பெண்ணைத் தெரியும் அல்லவா? பேதுரு சிறையிலிருந்து விடுதலையாகி வந்து கதவைத் தட்டுகிறார். அவள் அவருடைய குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிச் சொல்கிறாள். பேதுருவுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே "நீ பிதற்றுகிறாய்" என்றார்கள். அவளோ உறுதியாய்ச் சாதித்தாள் என்று எழுதியிருக்கிறது. அவள் சொன்னதுதான் உண்மை.

மூத்த சகோதரிகள் யாராவது இதை வாசித்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நேரம் கொடுங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லி வீட்டில் குழந்தைகள் நிறைய. வாரத்தின் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச ஒதுக்கி வைத்திருந்தார். ஜானுக்கு வியாழக்கிழமை. அந்த ஜான் வளர்ந்து பெரியவரான பின்னும், அந்த வியாழக்கிழமை மாலைகளை நினைத்து அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். நூறு பேருக்குப் பிரசங்கம் செய்ய உங்களுக்கு வரம் இல்லாமல் இருக்கலாம். ஒருத்திக்கு ஒரு வியாழக்கிழமை கொடுக்க முடியும்.

கடைசியாக, எனக்குத் தெரிந்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதலாமா என்று கேட்டேன். பெயர் வேண்டாம், மற்றபடி எழுதுங்கள் அக்கா என்றார்கள். இருவரும் ஒரே சபை, வெவ்வேறு வேலை, தொலைவான வீடுகள். ஒருத்தி அதிகம் பேசுவாள். மற்றவளுக்கு உள்ளே இருப்பதைச் சொல்லவே வராது. அவர்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தினமும் காலையில் ஒரு சங்கீதம் வாசிக்க வேண்டும். அன்றைய மனநிலைக்கு எது பொருந்துகிறதோ அது. வாசித்துவிட்டு அதன் எண்ணை மட்டும் மற்றவளுக்கு அனுப்ப வேண்டும். விளக்கம் வேண்டாம், வாழ்த்து வேண்டாம், வெறும் எண். 23. 121. 46. சில நாள் 13. ஒரு எண்ணைப் பார்த்ததும் மற்றவளுக்கு அன்றைக்கு அவளுக்காக எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பேச வராதவளுக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது. இப்படி இரண்டு வருடம்.

ஒரு நாள் காலையில் பேச வராதவளிடமிருந்து எண் வரவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் வந்தது. 88.

சங்கீதங்களை வாசித்துப் பழகியவர்களுக்கு அது என்னவென்று தெரியும். மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் எங்கோ ஒரு திருப்பத்தில் துதிக்கு வந்துவிடும். 88 வராது. தோழரும் சிநேகிதரும் தூரமாக விலக்கப்பட்டார்கள் என்ற முறையீட்டோடு, இருளிலேயே முடிந்துவிடும். எண்ணைப் பார்த்தவள் பதில் அனுப்பவில்லை. போட்டிருந்த உடையோடு கிளம்பினாள். வழியில் எனக்கு ஒரே ஒரு வரி அனுப்பினாள்: "அவளிடம் போகிறேன், ஜெபியுங்கள்." நான் முழங்காலிட்டேன்.

கதவு திறக்க நேரமாயிற்றாம். திறந்தவள் ஒன்றும் சொல்லவில்லை, வந்தவளும் கேட்கவில்லை. இருவரும் தரையில் உட்கார்ந்து 88-ஐ முதலிலிருந்து கடைசிவரை சேர்ந்து வாசித்தார்கள். வந்தவள் அதற்கு மேல் ஆறுதலான வசனம் எதையும் சேர்க்கவில்லை. கடைசி வசனத்தில், நண்பர்களெல்லாம் மறைந்துபோனார்கள் என்ற இடத்தில், மற்றவள் நிமிர்ந்து இவளைப் பார்த்தாளாம். அந்த வாரமே இவள் அவளை மருத்துவரிடமும் கூட்டிக்கொண்டு போனாள். பல மாதங்கள் ஆகின. சோர்ந்து சாகக் கேட்ட எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும் தூக்கமும்தான்; சிகிச்சையை விசுவாசக் குறைவென்று சொல்கிறவர்கள் 1 இராஜாக்கள் 19-ஐ மறுபடியும் வாசிக்கலாம்.

88 வந்த அந்த இரவு, போனவள் திரும்பி வரவில்லை, அங்கேயே தங்கிவிட்டாள். மறுநாள் காலையில் இருவருடைய போனிலும் எண் எதுவும் இல்லை. ஒரே அறையில் இருந்தார்கள். ஒருத்தி வாசிக்க, இன்னொருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.